வியன்னா, பிராக், புடாபெஸ்ட் பயணம்: ஃபாரெக்ஸ் மார்க்கப் இல்லாத கடன் அட்டை எது?

கோவை டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வரும் செப்டம்பரில் மகளைப் பார்க்க வியன்னாவுக்குப் போகிறோம். மொத்தம் பதினெட்டு நாள். அதில் பிராகுக்கு மூன்று நாளும் புடாபெஸ்டுக்கு மூன்று நாளும் ஒதுக்கியிருக்கிறோம். விமானச் சீட்டும் விசாச் செலவும் முடிந்துவிட்டன. அங்கே விடுதி, ரயில், சாப்பாடு, நுழைவுச்சீட்டு, திரும்பும்போது உறவுகளுக்கு வாங்கவேண்டியவை என்று எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். "நீங்கள் எதற்குப் பணம் எடுத்து வருகிறீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மகள் சொல்கிறாள். பிள்ளையின் கையை எதிர்பார்த்து ஊர் சுற்றிய பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லாததால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிட்டோம்.

சென்ற ஆண்டு சிங்கப்பூர் போனபோது பல வருடங்களாக வைத்திருந்த கடன் அட்டையையே எடுத்துச் சென்றோம். ஊர் திரும்பிய பிறகு வந்த ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு செலவுக்கும் கீழே இரண்டு குட்டி வரிகள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. ஒன்று மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்; மற்றொன்று அதற்கான ஜிஎஸ்டி. அவற்றைத் தனியே கூட்டிப் பார்த்தேன். 46,000 ரூபாய்ச் செலவுக்கு 1,610 ரூபாயும் அதன்மேல் 289 ரூபாய் 80 காசும் பிடித்திருக்கிறார்கள். கிளையில் போய்க் கேட்டதற்கு, "வெளிநாட்டில் தேய்த்தால் அப்படித்தான் மேடம்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்தக் கட்டணமே இல்லாத அட்டைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒன்றுக்கு விண்ணப்பித்தும் பார்த்தேன். சம்பளச் சீட்டு இல்லை என்பதால் நிராகரித்துவிட்டார்கள். நாங்கள் இருவருமே ஓய்வூதியக்காரர்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கக்கூடிய அட்டை எது? கடன் அட்டையே வேண்டாம், வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டு போங்கள் என்று பயண முகவர் சொல்கிறார், அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழைய லெட்ஜர் எழுதியது:

வணக்கம் அம்மா. வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற முறையில் முதலில் அந்தக் குட்டி வரிகளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சாதாரணக் கடன் அட்டைகள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் உண்டு. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். உங்கள் 46,000 ரூபாய்க்குப் பிடித்த தொகை இந்தக் கணக்கோடு காசு பிசகாமல் பொருந்துகிறது. இரண்டு லட்சத்துக்கு இதே அட்டையைத் தேய்த்தால் 7,000 ரூபாய் மார்க்கப்பும் 1,260 ரூபாய் வரியுமாக 8,260 ரூபாய் போய்விடும். வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இருவரும் ரயிலில் போய்வந்து, நல்ல ஓட்டலில் சாப்பிட்டும் மிச்சம் பிடிக்கக்கூடிய தொகை அது.

இதில் பலருக்கும் புரியாத ஒன்று என்னவென்றால், செக் நாட்டுக் கொருனாவையோ ஹங்கேரியின் ஃபொரிண்டையோ ரூபாயாக மாற்றும் வேலையை உங்கள் வங்கி செய்வதில்லை. விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள்தாம் அன்றாடம் ஒரு விலை வைத்து அந்த மாற்றத்தைச் செய்கின்றன. அந்த விலை சந்தை விலையை ஒட்டித்தான் இருக்கும். அவர்களுடைய இணையதளத்தில் நாணயத்தையும் தேதியையும் கொடுத்து எவரும் பார்த்துக்கொள்ளலாம். மாறி வந்த ரூபாய்த் தொகையின் மேல் உங்கள் வங்கி தன் பங்குக்கு ஏற்றுவதுதான் மார்க்கப். ஆகவே "மார்க்கப் இல்லை" என்று ஓர் அட்டை சொன்னால், வலையமைப்பின் விலையோடு கணக்கு முடிந்துவிடும் என்று பொருள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்க்கப் இல்லாத அட்டைகள் என்று எடுத்துக்கொண்டால் ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்காபியா, ஆர்பிஎல் வங்கியின் வேர்ல்ட் சஃபாரி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் மயூரா, அதே வங்கியின் வாவ் ஆகியவை அதிகம் பேசப்படுபவை. முதல் மூன்றும் வருமானத்தையும் கடன் வரலாற்றையும் பார்த்துத் தருபவை. மயூராவுக்கும் வேர்ல்ட் சஃபாரிக்கும் ஆண்டுக் கட்டணமும் உண்டு. உங்களுக்குப் பொருத்தமானது வாவ் போன்ற அட்டைதான். அதை ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தருகிறார்கள். சம்பளச் சீட்டு கேட்கமாட்டார்கள், ஆண்டுக் கட்டணமும் இல்லை. இரண்டு லட்சம் ரூபாயை டெபாசிட்டாகப் போட்டால் அதற்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும், அந்தத் தொகைக்கு ஏற்ற கடன் வரம்பும் கிடைக்கும். அட்டையை ஒப்படைத்துக் கணக்கை முடிக்கும்வரை டெபாசிட்டின் மேல் வங்கியின் பிடி இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பட்டியலை வங்கிகள் அவ்வப்போது மாற்றுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அவர்களுடைய தளத்திலுள்ள பட்டியலை ஒருமுறை நீங்களே வாசித்துவிடுங்கள். மார்க்கப் வரியில் பூஜ்யம் என்று இருக்கவேண்டும்.

அட்டை வந்தவுடன் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கைக்குப் பிறகு புதிய அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன. இதை மறந்து விமானம் ஏறி, அங்கே சுரங்க ரயில் நிலையத்தில் சீட்டு எந்திரத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம். கிளம்புமுன் உள்ளூர்க் கடையில் ஒரு முறை பின் எண்ணைப் போட்டுத் தேய்த்தும் பாருங்கள்.


வடக்கு ரத வீதி எழுதியது:

லெட்ஜர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் மார்க்கப் இல்லாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நான் புடாபெஸ்டில் ஏமாந்த கதையையும் டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டும்.

டான்யூப் கரையோரம் ஓர் உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். பில் 21,500 ஃபொரிண்ட். அன்றைய விலைக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பரிமாறியவர் கையடக்க இயந்திரத்தை நீட்டினார். திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. மேல் கட்டத்தில் நம் நாட்டுக் கொடியும் 5,420 ரூபாய் என்ற தொகையும் பெரிதாக, பச்சை நிறத்தில். கீழே சாம்பல் நிறத்தில் ஃபொரிண்ட் தொகை. நம் ஊர்க் கொடியையும் ரூபாயையும் அந்த ஊரில் பார்த்த சந்தோஷத்தில் பச்சையைத் தொட்டுவிட்டேன். அறைக்கு வந்து ரசீதை விரித்துப் பார்த்தால், எத்தனை சதவீதம் கூட்டி மாற்றியிருக்கிறார்கள் என்று அடியில் பொடி எழுத்தில் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள்! "வாடிக்கையாளர் தாமாகவே இந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தார்" என்றும் ஒரு வரி. பிறகு எந்த வங்கியிடம் போய் நியாயம் கேட்பது?

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். நாணய மாற்றத்தை விசாவோ மாஸ்டர்கார்டோ செய்வதற்கு முன்பே, கடைக்காரருக்கு இயந்திரம் கொடுத்த நிறுவனம் தான் வைத்ததே விலை என்று செய்துவிடுகிறது. அப்புறம் உங்கள் அட்டையில் மார்க்கப் பூஜ்யமாக இருந்து என்ன பயன்? மாற்றவேண்டிய நாணயமே மிச்சமில்லையே. மார்க்கப் உள்ள அட்டையாக இருந்தால் இன்னும் மோசம். ரூபாயில் பில் போட்டாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் பல வங்கிகள் தம் கட்டணத்தையும் சேர்த்தே வாங்கிவிடுகின்றன.

ஆகையால் எந்த இயந்திரம் நாணயம் கேட்டாலும் அந்த ஊர் நாணயத்தைத்தான் தொட வேண்டும். வியன்னாவில் யூரோ, பிராகில் கொருனா, புடாபெஸ்டில் ஃபொரிண்ட். சில இடங்களில் பரிமாறுபவரே ரூபாயை அழுத்திவிட்டுத்தான் இயந்திரத்தை நம் பக்கம் திருப்புவார். தொகைக்குப் பக்கத்தில் ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்று தெரிந்தால், அட்டையைக் காட்டாமல், ரத்து செய்துவிட்டு மறுபடியும் போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கு இது தினமும் நடப்பதுதான்.

இதே பொறி இங்கிருந்தபடி இணையத்தில் விடுதி பதிவு செய்யும்போதும் உண்டு. ஐரோப்பிய விடுதிக்கு ரூபாயிலேயே விலை காட்டும் தளங்களில், பணம் வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், ரூபாயில் கட்டிய தொகைக்கும் 1 சதவீதக் கட்டணம் போடும் வங்கிகள் இருக்கின்றன. விலையை யூரோவுக்கு மாற்றிவிட்டுக் கட்டுவதுதான் நல்லது.


கூட்டல் கழித்தல் எழுதியது:

எல்லாரும் "பூஜ்யம், பூஜ்யம்" என்று சொல்லும்போது ஒரு மாற்றுக் கணக்கையும் வைக்க விரும்புகிறேன். மார்க்கப் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து அட்டையைத் தேர்ந்தெடுப்பது பாதிக் கணக்கு. அதே செலவுக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்பது மீதிப் பாதி. எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மார்க்கப் 2 சதவீதம், வரியோடு 2.36. ஆனால் 150 ரூபாய்க்கு 5 புள்ளிகள் கிடைக்கின்றன; அவற்றை அவர்களுடைய தளத்தில் விமானச் சீட்டுக்கோ விடுதிக்கோ பயன்படுத்தினால் புள்ளிக்கு ஒரு ரூபாய். அதாவது 3.33 சதவீதம் திரும்பி வருகிறது. கட்டணம் போக ஏறக்குறைய 1 சதவீதம் நம் கையில் நிற்கிறது. புள்ளி எதுவும் தராத பூஜ்ய மார்க்கப் அட்டையில் அந்த 1 சதவீதம் இல்லை.

இதைப் போலவே ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேர்ல்ட் சஃபாரியின் கட்டணம் 3,000 ரூபாய், வரியோடு 3,540. சாதாரண அட்டையின் 4.13 சதவீதத்தோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு 85,700 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டில் செலவழித்தால்தான் அந்தக் கட்டணம் கட்டுபடியாகும். ஐந்து நாள் பாங்காக் போய்வருபவருக்கு அது நட்டமாகக்கூட முடியலாம்.


பழைய லெட்ஜர் எழுதியது:

கூட்டல் கழித்தல் தம்பியின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இன்ஃபினியாவை வங்கியே அழைத்துத் தந்தால்தான் உண்டு. ஓய்வூதியக் கணக்கு வைத்திருப்பவர் கிளையில் போய்க் கேட்டால் கிடைக்கும் பொருளல்ல. புள்ளியைப் பணமாக்குவதற்கென்று இன்னொரு பயணம் கிளம்ப வேண்டியிருப்பதையும் செலவில் எழுத வேண்டும். டீச்சர் அம்மா கேட்டது இரண்டு லட்சம் செலவுக்கு எளிய வழி. அவருக்கு டெபாசிட் அட்டைதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. விடுதியில் நுழையும்போது முன்வைப்பாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது செலவில்லை, ஆனால் விடுவிக்கப்படும் வரை கடன் வரம்பிலிருந்து கழிந்தே நிற்கும். வரம்பு குறைவாக இருந்தால் நடுப்பயணத்தில் அட்டை மறுக்கப்படலாம். அப்படி நேர்ந்தால் பில் வரும்வரை காத்திருக்காமல், செயலியில் நுழைந்து அதுவரை ஆன செலவைக் கட்டிவிட்டால் வரம்பு மீண்டுவிடும்.


கோவை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டெபாசிட் அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டேன். பிராக் விடுதியைத்தான் இந்தப் பதிவுகளைப் படிப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பழைய அட்டையில், அதுவும் ரூபாயிலேயே கட்டித் தொலைத்துவிட்டேன். புடாபெஸ்டுக்கு அந்தத் தவறு நடக்காது.

இன்னும் மூன்று சந்தேகங்கள். ஃபாரெக்ஸ் கார்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? வெளிநாட்டில் அட்டை தேய்த்தால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்று என் தம்பி வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான், அது உண்மையா? கையில் ரொக்கம் எவ்வளவு வைத்துக்கொள்வது?


சீட்டு மேசை எழுதியது:

பயண முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன் நான். ஃபாரெக்ஸ் கார்டைப் பரிந்துரைப்பதில் முகவர்களுக்குச் சிறு ஆதாயம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரே நாணயம் புழங்கும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது மோசமான யோசனையில்லை. ஏற்றும் நாளின் விலை நிலைத்துவிடுகிறது, பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. உங்கள் பயணம் அப்படிப்பட்டதல்ல. ஆஸ்திரியாவில் யூரோ இருந்தாலும் செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபொரிண்ட். நம் வங்கிகளின் ஃபாரெக்ஸ் கார்டுகளில் இந்த இரண்டு நாணயங்களையும் தனியே ஏற்றும் வசதியை நான் பார்த்ததில்லை. யூரோவை ஏற்றிக்கொண்டு பிராகில் தேய்த்தால், ஒரு நாணயத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கென்று கிராஸ் கரன்சி கட்டணம் பிடிப்பார்கள். அது பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கிறது. எதைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ அதுவே வேறு பெயரில் வந்து நிற்கும். ஊர் திரும்பியதும் மிச்ச யூரோவை ரூபாயாக்கும்போது அவர்கள் வாங்கும் விலையில் இன்னொரு முறை இழப்பீர்கள்.

வரி விஷயத்தில் உங்கள் தம்பியின் செய்தி அரைகுறை உண்மை. வெளிநாட்டில் செலவழிக்கும் கடன் அட்டைத் தொகையையும் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்துக்குள் (தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான ஏற்பாடு; நீங்கள் கேட்ட வரி இதன் கணக்கில் வரும் தொகைக்குத்தான்) கொண்டுவருவதாக 2023 மே மாதத்தில் அரசு அறிவித்தது. பெரிய சலசலப்பு எழுந்ததும் ஜூன் 28 அன்று அதைத் தள்ளிவைத்துவிட்டது. பயணத்தின்போது தேய்க்கும் கடன் அட்டைக்கு அந்த வரி கிடையாது. டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் அந்தத் திட்டத்தின் கணக்கில் வரும். ஆனால் அங்கேயும் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்குத்தான் 20 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த எல்லை 7 லட்சமாக இருந்தது. பிடித்ததையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் இரண்டு லட்சம் எந்த வகையிலும் அதன் பக்கத்தில்கூட வராது.


டான்யூப் கரை எழுதியது:

வியன்னாவில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன் அம்மா. ரொக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆஸ்திரியர்களுக்கு இன்றும் ரொக்கத்தின் மேல் பிரியம் உண்டு. நாஷ்மார்க்ட் சந்தையில் சில கடைகளிலும், பழைய காப்பிக்கடைகள் சிலவற்றிலும் அட்டையை நீட்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை நாணயம் இல்லாமல் முடியாது. ஆகவே இருவருக்குமாகச் சேர்த்து 300 யூரோ அளவுக்கு ஊரிலேயே உரிமம் பெற்ற நாணய மாற்றகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிராகும் புடாபெஸ்டும் அப்படியல்ல. அங்கே டிராம் வண்டிக்குள் இருக்கும் இயந்திரத்திலேயே அட்டையைத் தொட்டுச் சீட்டு வாங்கும் அளவுக்கு பிராக் மாறிவிட்டது. கொருனாவும் ஃபொரிண்டும் கையில் கொஞ்சம் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் தப்பில்லை.

கடன் அட்டையை ஏடிஎம்மில் நுழைக்காதீர்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். மார்க்கப் பூஜ்யமாக இருந்தாலும் ரொக்கம் எடுப்பதற்கென்று தனிக் கட்டணம் இருக்கும். பெரும்பாலான வங்கிகள் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்று வைத்திருப்பதோடு, எடுத்த நாளிலிருந்தே வட்டியையும் ஓடவிடுகின்றன. அவசரமென்றால் டெபிட் கார்டைப் பயன்படுத்துங்கள். அப்போதும் சுற்றுலாப் பயணிகள் கூடும் சதுக்கங்களில் தனியே நிற்கும் பளபளப்பான எந்திரங்களை விட்டுவிட்டு, ஒரு வங்கிக் கிளையின் சுவரில் பதித்திருப்பதைத் தேடிப் போங்கள். நான் பயன்படுத்திய சதுக்கத்து எந்திரம் ஒன்று, மாற்றுவிலை வேண்டாம் என்று அழுத்திய பிறகும், "உறுதியாகத்தானா?" என்று இரண்டு முறை கேட்டது. மூன்றாவது முறை நிறம் மாற்றிக் கேட்டது. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பதே பதில். பணம் வெளியே வந்துவிடும்.

பிராகில் நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் அங்கே சட்டமே இருக்கிறது: 1,000 யூரோவுக்கு மேற்படாத மாற்றத்தை, ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யலாம். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதனால் ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

இன்னொன்று. இருவரும் ஒரே அட்டையை நம்பி வராதீர்கள். டெபாசிட் அட்டை உங்கள் பையில் இருந்தால், பழைய அட்டை உங்கள் கணவரின் பையில் இருக்கட்டும். ஒன்று விசா என்றால் மற்றொன்று மாஸ்டர்கார்டாக இருப்பது மேலும் நல்லது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸை இங்கே சிறு கடைகள் பல வாங்குவதில்லை.


கோவை டீச்சர் எழுதியது:

ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. ஸ்டேட்மென்ட் வந்துவிட்டதால் கடமையாக எழுதுகிறேன்.

புதிய அட்டையில் மொத்தம் 1,61,300 ரூபாய் செலவாகியிருக்கிறது. பழைய அட்டையாக இருந்திருந்தால் 6,661 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருப்பார்கள். இதில் ஒரு பைசாவும் இல்லை, குட்டி வரிகளே இல்லாத ஸ்டேட்மென்டைப் பார்ப்பதற்கே சுத்தமாக இருக்கிறது. நாலைந்து வரிகளை எடுத்து வலையமைப்பின் தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் பொருந்தவில்லை. அட்டையைத் தொட்ட தேதியைப் போட்டுப் பார்த்ததுதான் பிழை என்பதை மகள் சொன்ன பிறகு உணர்ந்தேன். தொகை கணக்கில் ஏறிய தேதியைப் போட்டபோது பொருந்திவிட்டது. சனிக்கிழமை செய்த செலவுகள் செவ்வாய்க்கிழமை விலையில் ஏறியிருந்தன.

ரூபாய்த் திரை எங்களுக்கு மொத்தம் ஏழு முறை வந்தது. அதை எண்ணும் பொறுப்பைக் கணவர் ஏற்றிருந்தார். புடாபெஸ்டில் இறங்கியதிலிருந்து "ஃபொரிண்ட், ஃபொரிண்ட்" என்று சஷ்டி கவசம்போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர், ஓர் உணவகத்தில் பரிமாறிய பையன் ரூபாயை அழுத்திவிட்டு இயந்திரத்தைத் திருப்பியபோது, அட்டையைச் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தப் பையன் சிரித்துவிட்டு ரத்து செய்து மறுபடியும் போட்டுக் கொடுத்தான். வடக்கு ரத வீதியாருக்குத்தான் அந்த நன்றி போக வேண்டும்.

இரண்டு இடங்களில் கோட்டை விட்டோம். பிராக் விடுதிக்குப் பழைய அட்டையில் ரூபாயில் கட்டிய 31,400 ரூபாய்க்கு 314 ரூபாய் கட்டணமும் 56 ரூபாய் 52 காசு வரியும் வந்துவிட்டன. இது எதிர்பார்த்ததே. இரண்டாவது, வியன்னாவில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு வாங்கிய சீட்டைக் கணவருக்குக் காய்ச்சல் வந்ததால் ரத்து செய்தோம். யூரோவில் முழுத்தொகையும் திரும்பி வந்தது, ரூபாயில் 140 ரூபாய் குறைந்தது. திரும்பி வந்த நாளின் விலை வேறு என்பதைத் தவிர அதில் எவரையும் குறை சொல்ல முடியவில்லை.

ரொக்கமாகக் கொண்டுபோன 300 யூரோவில் 85 மிச்சம். அதை மாற்றாமல் மகளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வாங்க மறுத்ததால் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு விமானம் ஏறிய பிறகுதான் சொன்னேன்.

டெபாசிட்டை முறிக்கவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலேயே பணத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் மூடி வைத்திருக்கிறேன்.